சுயார்ஜிதம்

பத்திரம் எழுதுகிறவனுக்கு ரெண்டு விஷயம் ஆகாது. ஒன்று அடித்தல் திருத்தல். இன்னொன்று, எதிரில் இருப்பவர் சொல்வதை முழுசாகக் கேட்காமல் எழுதிவிடுவது. முப்பது வருஷமாகத் திருத்தணியில் சார்பதிவாளர் ஆபீசுக்கு எதிர்வாடையில் உட்கார்ந்து, வருகிறவன் போகிறவனுக்கெல்லாம் இதை உபதேசம் பண்ணிக்கொண்டிருந்தவன் நான். என் உடம்புக்கு ஒரு வியாதி வந்ததும் ரெண்டாவது தப்பை நானே செய்தேன். செய்து, என் பெண் வயிற்றில் இருந்த நாலு மாசக் குழந்தைக்கே உலை வைக்கப் பார்த்தேன். இப்போது மாத்திரை வேலை செய்கிறது. உடம்பு தேறிவிட்டது. எரிச்சல் மட்டும் இன்னும் தீரவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

ஆரம்பத்தில் பெரிசாக ஒன்றும் தெரியவில்லை. இடது விலாவுக்குக் கீழே ஒரு கனம். ரெண்டு இட்லி தின்றால் கல்யாண விருந்து சாப்பிட்ட மாதிரி வயிறு முட்டிக்கொள்ளும். வேட்டி இடுப்பில் நிற்காமல் நழுவியது. நான் கேஸ் என்றேன். என் வீட்டுக்காரி கஸ்தூரி, "ஒரு மாசமாவா கேஸு இருக்கும்? சர்க்கரையாவது பாத்துகினு வாங்க" என்று துரத்தினாள். கிருத்திகைக்குக் கிருத்திகை மலைப்படி ஏறுகிறவன், அந்த மாசம் பாதிப் படியில் உட்கார்ந்துவிட்டேன். சரி, போய்த் தொலைவோம் என்று ரத்தம் கொடுத்தேன்.

சர்க்கரை சரியாக இருந்தது. லேப்காரர் முகம் சரியாக இல்லை. "சார், இன்னொரு தடவ ரத்தம் எடுத்துக்கட்டுமா? மிஷின் ஏதோ தப்பா காட்டுது" என்றார். மறுபடியும் எடுத்தார். மிஷின் அதையே காட்டியது. வெள்ளை அணு பதினோராயிரத்துக்குள் இருக்க வேண்டுமாம். எனக்கு ரெண்டு லட்சத்தைத் தாண்டியிருந்தது. விலாவுக்குக் கீழே இருந்த கனம் கேஸ் இல்லை, மண்ணீரல். பெருகிப்போன அணுவெல்லாம் அதில் போய் அடைந்து, அது வீங்கிக் கிடந்தது.

அதிலிருந்து சென்னைக்கு நடை. என் மச்சான் முனிரத்தினம் கூட வருவான். கஸ்தூரியின் தம்பி, என் கடைக்குப் பக்கத்திலேயே ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறான். விடியற்காலை எலக்ட்ரிக் ட்ரெயினில் ஏறினால் பெரிய ஆஸ்பத்திரியில் சீட்டு வாங்கும் வரிசையில் முப்பது பேருக்குள் நிற்கலாம். சீட்டு ஒரு கவுன்ட்டர், முத்திரை ஒரு கவுன்ட்டர், காப்பீட்டு அட்டையைக் காட்ட இன்னொரு கவுன்ட்டர். மூன்றிலும், "இங்க இல்ல, அங்க போங்க" என்பார்கள். அங்கே போனால், "உங்கள யாரு இங்க அனுப்புனது?" என்பார்கள். எனக்குக் கோபம் உச்சந்தலைக்கு ஏறும்.

"கத்தாத பாவா, மண்ணீரல் வெடிச்சிடப்போவுது" என்பான் முனிரத்தினம். அவனுக்கு எல்லாமே விளையாட்டு. ஆனால் என் ஒவ்வொரு ரிப்போர்ட்டையும் மூன்று நகல் எடுத்து, தேதிவாரியாக அடுக்கி, ஆஸ்பத்திரிச் சீட்டுக்கு லேமினேஷன்கூடப் போட்டு வைத்திருந்தான். லேமினேஷன் போட்டால் அதில் முத்திரை குத்த முடியாது என்று நர்சம்மாவிடம் திட்டு வாங்கினோம். மறுநாள் பிளேடு வைத்துப் பிரித்துக் கொடுத்தான்.

ரெண்டு நாள் வார்டில் படுக்கவைத்தார்கள். இடுப்பெலும்பில் ஊசி இறக்கி உள்ளே இருக்கும் மஜ்ஜையை உறிஞ்சினார்கள். ரத்தம் உற்பத்தியாகிற இடம் அதுதானாம். மரத்துப்போக மருந்து போட்டும், உறிஞ்சுகிற அந்த ஒரு நொடி உயிர் காலுக்கு இறங்கிவிட்டது. கஸ்தூரி வெளியே நின்று, "ஆச்சா? ஆச்சா?" என்று கதவைத் தட்டிக்கொண்டே இருந்தாள். ஆனதும் வீட்டிலிருந்து கட்டி வந்த தயிர்சாதத்தை ஊட்டிவிட்டாள். நாற்பது பேர் பார்த்தார்கள். எனக்கு வெட்கமாக இருந்தது. ஆனாலும் வாயைத் திறந்தேன்.

கடைசியில் டாக்டரம்மா கூப்பிட்டார். நாலு மணி நேரம் காத்திருந்து, உள்ளே ரெண்டு நிமிஷம்.

"ரத்தப் புற்றுல ஒரு வகைன்னு நினைக்கிறோம். பயப்படாதீங்க, இதுக்கு மாத்திரை இருக்கு. ஜீன்ல ஒரு கோளாறு. ரெண்டு குரோமோசோம் உடைஞ்சு மாறி ஒட்டிக்கிட்டிருக்கும். ஆர்.என்.ஏ. டெஸ்ட் ஒண்ணு எழுதறேன். அது வந்தாதான் அந்த மாத்திரை. அதுவரைக்கும் எண்ணிக்கையக் குறைக்க இதப் போட்டுக்குங்க."

ஜீன் என்றால் என்ன, எங்கிருந்து வந்தது என்று கேட்க வாயெடுத்தேன். அதற்குள் அடுத்த டோக்கனைக் கூப்பிட்டுவிட்டார்கள். ஒரு அம்மாள் என் ஸ்டூலின் பாதியில் உட்கார்ந்தேவிட்டாள்.

நான் சும்மா இருந்திருக்கலாம். ட்ரெயினில் ஏறியதும் கை அரித்தது. வீட்டு வாட்ஸப் குரூப்பில் எல்லோரும், "இன்னா சொன்னாங்க, இன்னா சொன்னாங்க" என்று கேட்டுக்கொண்டிருந்தார்கள். ஜீன் என்றால் தமிழில் மரபணு. பள்ளிக்கூடப் புத்தகத்தில் பார்த்த சொல். மரபு என்றால் வழிவழியாக வருவது. அதில் எனக்கென்ன சந்தேகம்? தெலுங்கில் இருக்கும் பழைய பத்திரங்களைத் தமிழில் பெயர்த்துக் கொடுத்தே பாதி ஆயுள் சம்பாதித்தவன் நான். இந்த ஊர் முன்னே சித்தூர் ஜில்லாவில் இருந்தது இல்லையா, அந்தக் காலப் பதிவெல்லாம் தெலுங்குதான். ஒரு சொல்லுக்கு இன்னொரு சொல் போடுவது எனக்கு வெற்றிலை போடுகிற மாதிரி. போட்டேன்.

"எனக்கு வந்திருப்பது மரபணுக் கோளாறு. அதாவது பிதுரார்ஜிதமாக வரும் ரத்தப் புற்று. வாரிசுகள் கவனமாக இருக்கவும்."

பத்திர பாஷையில் சொத்து ரெண்டு வகை. அப்பன் பாட்டன் வழியில் வந்தால் பிதுரார்ஜிதம், அதில் பிள்ளைகளுக்குப் பிறப்பிலேயே பங்கு. தானே சம்பாதித்தது சுயார்ஜிதம், அதில் அவன் மனசு வைத்தால்தான் உண்டு. நான் என் வியாதியைப் பிதுரார்ஜிதம் என்று எழுதி, என் ஒரே மகள் பவானியை வாரிசு ஆக்கிவிட்டேன். அந்த குரூப்பில் சம்மந்தி வீட்டாரும் இருந்தார்கள்.

பவானியைப் பொதட்டூர்பேட்டையில் கொடுத்திருக்கிறோம். வீட்டிலேயே நாலு பவர்லூம், லுங்கி ஓடுகிறது. சம்மந்தியம்மா போன் பண்ணினால் தறிச் சத்தத்தில் பாதி காதில் விழாது. அன்றைக்குத் தறியை நிறுத்திவிட்டுப் பேசினார். அதிலேயே சங்கதி பெரிசு என்று தெரிந்தது.

"அண்ணா, உங்க உடம்பு நல்லாவணும், அத மொதல்ல சொல்லிடறேன். தப்பா நெனைக்காதீங்க. என் தங்கச்சி கொழந்த கத உங்களுக்குத் தெரியும். மாசாமாசம் ரத்தம் ஏத்தி ஏத்தி, ஒம்பது வயசுல போச்சு. அதுவும் பரம்பரை வியாதிதான். எங்க வீட்ல இன்னொரு கொழந்தைய அப்படிப் பாக்க எனக்குத் தெம்பு இல்ல. வர்ற புதன்கெழம எங்க ஊரு டாக்டரம்மாகிட்ட நேரம் வாங்கியிருக்கேன். கலைக்கறதா இருந்தா இப்பவே பாத்துடணும்."

"ஏம்மா, அவசரப்பட்டு..."

"நானா சொல்றேன்? நீங்கதான எழுதியிருக்கீங்க. ஊருக்கெல்லாம் பத்திரம் எழுதறவரு எழுத்து தப்பாவா இருக்கும்?"

நான் எழுதியதை பிரவுசிங் சென்டரில் பிரின்ட் போட்டுப் பீரோவில் வைத்திருக்கிறாராம். அப்புறம் பவானி பேசினாள். "நைனா, நெசமாவே எனக்கும் இருக்குதா?" என்று ஒரே கேள்விதான். எனக்குத் தெரியவில்லை என்று சொல்ல நாக்கு எழவில்லை. "டெஸ்ட் வரட்டும்டி" என்றேன். அவள் போனை வைத்துவிட்டாள்.

அந்த டெஸ்டுக்குத்தான் எத்தனை பாடு! ஆஸ்பத்திரியில் அந்த மிஷின் ரிப்பேர். வெளி லேபுக்கு எழுதிக் கொடுத்தார்கள். அந்த லேபுக்குத் திருத்தணியிலேயே ரத்தம் வாங்கிக்கொள்ளும் கிளை இருக்கிறது என்றதும் அலைச்சல் மிச்சம் என்று அங்கேயே கொடுத்தேன். சம்மந்தியம்மா போன் பண்ணியபோது ரத்தம் கொடுத்து ரெண்டு நாள் ஆகியிருந்தது. நான் ரத்தம் கொடுத்தது ஆடிக் கிருத்திகைக்கு முந்தின நாள். கஸ்தூரி அப்போதே சொல்லியிருந்தாள், "கிருத்திகை கழிச்சுக் குடுங்க" என்று. அவள் சாங்கியத்துக்குச் சொன்னாள். நான் அதனாலேயே கேட்கவில்லை. காவடியும் கூட்டமும் ஊரை அடைத்துக்கொண்டது. ரத்தத்தை எடுத்துப்போக வேண்டிய லேப் வண்டி உள்ளே வர முடியவில்லை. நாலு நாள் என் ரத்தம் குளிர்ப்பெட்டியில் கிடந்தது. அப்புறம் போனில் ஒரு குறுஞ்செய்தி: "மாதிரி ஏற்கப்படவில்லை. மீண்டும் ரத்தம் கொடுக்கவும்." காரணம் ஒன்றும் இல்லை. அன்றைக்கு வெள்ளிக்கிழமை. புதனுக்கு நடுவில் நாலே நாள்.

அடுத்த ட்ரெயினிலேயே முனிரத்தினத்தை இழுத்துக்கொண்டு சென்னை லேபுக்குப் போனேன். கவுன்ட்டரில் ஒரு பெண். சின்ன வயசு, கண்ணாடி, வெள்ளைக் கோட்டு.

"ரத்தம் கெட்டுப்போச்சுங்க" என்றாள்.

"கெட்டுப்போச்சா? பாலா அது? நூறு வருஷத்துப் பத்திரத்த எடுத்து நகல் குடுக்கறோம் நாங்க. நாலு நாளு ஒரு ரத்தத்த வெச்சுக்கத் துப்பில்லையா உங்களுக்கு?"

"டி.என்.ஏ. டெஸ்டா இருந்தா வெச்சிருப்போம் சார். இது ஆர்.என்.ஏ. நிக்காது."

"என்னாத்த நிக்காது? சும்மா இங்கிலீஷ்ல ரெண்டு எழுத்து சொல்லி ஏமாத்தறீங்களா?"

முனிரத்தினம் என் சட்டையைப் பிடித்து இழுத்தான். அந்தப் பெண் ஒரு புதுக் குழாயை எடுத்தாள். கையை நீட்டச் சொல்லி அங்கேயே ஊசி போட்டு எடுத்தாள். குழாயில் என் பேரை எழுதி, நேரத்தையும் எழுதி, அவளே உள்ளே கொண்டுபோனாள். "இப்பவே போட்டாச்சு. செவ்வாக்கெழம வந்துடும்" என்று மட்டும் சொன்னாள். இதை முதலிலேயே சொல்லித் தொலைத்திருந்தால் நான் ஏன் கத்தப் போகிறேன்?

திரும்பும் ட்ரெயினில் எங்கள் எதிர் சீட்டில் அதே பெண் வந்து உட்கார்ந்தாள். கோட்டு இல்லை, கையில் ஒரு பொட்டலம் வேர்க்கடலை. எனக்கு ஜன்னல் வழியாகக் குதித்துவிடலாமா என்றிருந்தது. முனிரத்தினம்தான் வெட்கமில்லாமல் பேச்சுக் கொடுத்தான்.

"எந்த ஊரும்மா?"

"மணவூருங்க. பேரு தேன்மொழி." என்னைப் பார்த்தாள். "நீங்க பத்திரம் எழுதறவருங்களா சார்? கவுன்ட்டர்ல சொன்னீங்களே."

"ஆங்" என்றேன். "காலைல கொஞ்சம் வார்த்தய விட்டுட்டேன். மனசுல வெச்சுக்காதம்மா."

"பரவால்ல, தெனம் நாலு பேரு கத்துவாங்க." கடலையை நீட்டினாள். "சார், உங்க பதிவு ஆபீஸ்ல அந்தப் பெரிய புக்கு இருக்கும்ல. அத வெளிய குடுப்பாங்களா?"

"புக்கு ரூம விட்டு வெளியவே வராது. மனு போட்டா நகல்தான் குடுப்பாங்க."

"டி.என்.ஏ.ங்கறது அந்தப் புக்கு. உடம்புல ஒவ்வொரு செல்லுக்குள்ளயும் ஒரு ரூமு, அதுல இந்தப் புக்கு ஒரு செட்டு. நாலே எழுத்துல மொத்தமும் எழுதியிருக்கும். அதுல ஒரு விஷயத்தச் சொல்ற பாகம்தான் ஜீனு. செல்லுக்கு எது தேவையோ அந்தப் பாகத்த மட்டும் நகல் எடுத்து ரூமுக்கு வெளிய அனுப்பும். அந்த நகல்தான் ஆர்.என்.ஏ. வெளிய அதப் படிக்க ஒண்ணு இருக்குது. மூணு மூணு எழுத்தா படிச்சு, ஒவ்வொரு மூணுக்கும் ஒரு மணி கோக்கும். கோத்து முடிச்சா அது ஒரு புரதம். உடம்புல ஓடியாடி வேல செய்யறது முக்கால்வாசி இந்தப் புரதம்தான்."

எனக்கு ஆர்வம் வந்துவிட்டது. "அப்போ எழுத்து ஒரு பாஷ, புரதம் வேற பாஷ. தெலுங்கு நகல வெச்சு நான் தமிழ்ல எழுதறாப்பல."

"அதேதான் சார்! மொத வேலைக்குப் படியெடுத்தல்னு பேரு. ரெண்டாவதுக்குப் பேரே மொழிபெயர்ப்புதான்."

ரொம்ப நாளைக்கு அப்புறம் எனக்கு நெஞ்சு நிமிர்ந்தது. "சரி, நகலு எதுக்கு நாலு நாள்ல கெடணும்?"

"கெட்டாதான நல்லது? வேல முடிஞ்ச நகலு சுத்திகினே இருந்தா, வேணாம்னாலும் அந்தப் புரதத்தையே கட்டிகினு இருக்கும். அதனால உடம்பே அதக் கிழிச்சிப் போட்டுடும். ரத்தத்த வெளிய எடுத்து வெச்சாலும் கிழியறது நிக்காது. உங்க பழைய ரத்தத்துல புக்கு அப்படியே இருந்துச்சு சார். நகலு எல்லாம் தூளு."

"பஸ் டிக்கெட்டு மாதிரி பாவா" என்றான் முனிரத்தினம். "பாக்கெட்ல ரெண்டு நாள் கெடந்தா எழுத்தெல்லாம் பூடும்."

"புக்குதான் கெடாம இருக்குதே, அதையே பாக்கறதுதான? நகல எதுக்குத் தேடணும்?"

"குரோமோசோம்னு டாக்டர் சொன்னது இந்தப் புக்கத்தான், ஒவ்வொண்ணுக்கும் நம்பர் உண்டு. உங்களுக்கு ஒம்பதாவது புக்கும் இருவத்திரண்டாவது புக்கும் கிழிஞ்சு, மாத்தி ஒட்டிகினு இருக்கும்னு டாக்டருக்குச் சந்தேகம். அந்த ஒட்டு ஒவ்வொருத்தருக்கும் ஒவ்வொரு எடத்துல விழும், புக்குல தேடறது கஷ்டம். நகல்ல சட்டுனு தெரிஞ்சிடும். எத்தன நகலு ஓடுதுன்னு எண்ணவும் முடியும். அந்த ஒட்டுப் பக்கத்துலருந்து ஒரு புரதம் வருது சார், அதுக்கு நிறுத்தவே தெரியாது. பெருகு, பெருகுன்னு வெள்ளை அணுவ வெரட்டிகினே இருக்கும்."

பத்திர ஆபீசில் இப்படி ஒரு முறை நடந்திருக்கிறது. பைண்டிங் போடும்போது ஒரு கிராமத்துப் பத்திரத்தின் பாதிப் பக்கத்தை இன்னொரு கிராமத்துப் பத்திரத்தோடு தைத்துவிட்டார்கள். நகல் எடுத்தவன் உள்ளது உள்ளபடி எடுத்தான். அதை வைத்து ஒருத்தன் அடுத்தவன் கொல்லையில் போய் வேலி போட்டான். வேலி போட்டவன் பேரில் தப்பே இல்லை. இது எனக்கு உடனே புரிந்தது. புரிந்ததுமே பவானி ஞாபகம் வந்தது.

"எம்பொண்ணு மாசமா இருக்குறாம்மா. பேரப்புள்ளைக்கும் இது வந்துடும்னு சம்மந்தி வீட்ல கலைக்கச் சொல்றாங்க."

தேன்மொழி கடலை மெல்லுவதை நிறுத்திவிட்டாள். "ஏன்? உங்க அப்பாவுக்கு இருந்துதா?"

"இல்ல. அவரு எண்பது வயசு வரைக்கும் ஏர் ஓட்டுனாரு."

"அப்புறம் என்னாங்க சார்? இந்தக் கோளாறா இருந்தா, ஒட்டு விழுந்தது உங்க எலும்பு மஜ்ஜைல, ஒரே ஒரு செல்லுல. அதுவும் வயசானப்புறம். பொண்ணுக்கு நீங்க குடுத்த புக்கு எப்பவோ குடுத்து முடிஞ்சுது, அதுல இந்த ஒட்டே கெடையாது. மரபணுல கோளாறுன்னா மரபா வந்த கோளாறுன்னு அர்த்தமா? உங்களுக்கு யாரு சொன்னது பரம்பரைன்னு?"

முனிரத்தினம் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

"நான்தாம்மா எழுதுனேன்" என்றேன்.

அவள் கடலைப் பொட்டலத்தை மடித்துப் பையில் வைத்தாள். திட்டியிருந்தால்கூடத் தேவலை. மணவூரில் இறங்கும்போது, "நான் டெக்னீஷியன்தான் சார். ரிசல்ட்ல அந்த ஒட்டு இருக்குன்னு வந்தாதான் இது உறுதி. வந்தா, டாக்டர்கிட்ட எழுத்துல வாங்கிக்குங்க" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

மரபணு என்ற சொல்லை ஆக்கினவர் மேல் எனக்கு அப்படி ஒரு ஆத்திரம். அரக்கோணம் வரைக்கும் அவரைத் திட்டினேன். அதற்கப்புறம் என்னைத் திட்டிக்கொண்டேன். கிரயம் எழுத வருகிற கிழவியிடம்கூட, "இது உன் அப்பா சொத்தா, நீ சம்பாதிச்சதா?" என்று மூன்று முறை கேட்டுவிட்டுத்தான் பேனாவைத் திறப்பேன். என் விஷயத்தில் ஒரு முறை கேட்க எனக்கு வாய் வரவில்லையே!

இறங்கியதும் சம்மந்தியம்மாவுக்குப் போன் போட்டேன். முழுசும் கேட்டுக்கொண்டார். "அண்ணா, எழுதுனதும் நீங்க, மாத்தி சொல்றதும் நீங்க. ட்ரெயின்ல ஒரு பொண்ணு சொல்லுச்சுன்னா நான் எப்படி நம்பறது? எழுத்துல காட்டுங்க" என்றார். வாய்மொழி செல்லாது என்று ஊருக்குச் சொன்னவன் நான். சரி என்று போனை வைத்தேன்.

சனி, ஞாயிறு, திங்கள். மூன்று நாளும் சோறு இறங்கவில்லை. வினோதம் பாருங்கள்: எனக்குப் புற்று என்று ரிப்போர்ட் வர வேண்டும் என்று முருகனை வேண்டிக்கொண்டேன். இந்த வகைதான் என்று வந்துவிட்டால் பவானி தப்பினாள். வேறு ஏதோ என்று வந்தால் மறுபடியும் முதலிலிருந்து, அதற்குள் புதன்கிழமை போய்விடும். கஸ்தூரி என் வேண்டுதலைக் கேட்டுவிட்டு, "யாராவது இப்படி வேண்டிக்குவாங்களா?" என்று அழுதாள். அப்புறம் அவளும் பக்கத்தில் நின்று கையைக் கூப்பினாள்.

செவ்வாய்க்கிழமை காலை ஆஸ்பத்திரி வரிசையில் நிற்கும்போதே போனில் ரிப்போர்ட் வந்தது. முனிரத்தினம் ஓடிப்போய் பிரின்ட் எடுத்து வந்தான். அந்த ஒட்டு இருந்தது. கூடவே, நூற்றுக்கு இவ்வளவு என்று அந்த நகல் எவ்வளவு ஓடுகிறதென்ற கணக்கும் இருந்தது. புற்று உறுதி என்ற தாளைக் கையில் வைத்துக்கொண்டு நாங்கள் ரெண்டு பேரும் சிரித்ததைப் பார்த்த வாட்ச்மேன் எங்களை ஒரு மாதிரி பார்த்தார்.

டாக்டரம்மா அறையில் உட்கார்ந்ததும் சொல்லிவிட்டேன். "அம்மா, இன்னைக்கு எத்தன டோக்கன் கூப்பிட்டாலும் நான் எழுந்திரிக்க மாட்டேன். ஒரே கேள்வி. இது எம்பொண்ணுக்குப் போவுமா?"

அவர் பேனாவைக் கீழே வைத்தார். "போவாது. யாரு சொன்னாங்க போவும்னு?"

எத்தனை பேர்தான் இதையே கேட்பார்கள்! நடந்ததைச் சொன்னேன். அவர் தலையில் கையை வைத்துக்கொண்டார். "அன்னிக்கு நான் இன்னும் ரெண்டு வார்த்தை சொல்லியிருக்கணும்" என்றார். அந்த ஒரு சொல்லில் என் பாதிக் கோபம் இறங்கிவிட்டது. தன் சீட்டில் நாலு வரி எழுதி முத்திரை போட்டுக் கொடுத்தார்: இது பிறப்பில் வந்ததல்ல, பிற்பாடு உண்டானது, பிள்ளைகளுக்குப் போகாது. அப்புறம் மாத்திரையை எழுதினார்.

"இது அந்த ஒட்டைப் பிரிச்சு எடுத்துடுமா அம்மா?"

"இல்ல. டி.என்.ஏ.ல அது அப்படியேதான் இருக்கும். அதுலருந்து வர்ற புரதத்து மேல இந்த மாத்திரை போய் உக்காந்துக்கும், அத வேல செய்ய விடாது. அந்த அணுவெல்லாம் கொறைஞ்சுகினே வரும், நகலும் கொறையும். அதனால தெனமும் போடணும். ஒரு நாள்கூட விடக்கூடாது. மூணு மாசத்துக்கு ஒரு தடவை நகலை எண்ணிப் பாப்போம்."

எங்கள் தொழிலிலும் இதேதான். பதிவான புத்தகத்தில் யாரும் அடிக்க முடியாது, சுரண்ட முடியாது. தப்பு தப்பாகவே இருக்கும். அதற்குப் பிழைத்திருத்தல் பத்திரம் என்று தனியாக ஒன்று எழுதிப் பக்கத்தில் சேர்ப்போம். முதல் மாத்திரையை ஆஸ்பத்திரிக் குழாய்த் தண்ணீரிலேயே முழுங்கினேன். அப்படியே என்ன செய்ய வேண்டும் என்பதும் தோன்றிவிட்டது.

திருத்தணியில் இறங்கி, கடையைத் திறந்து, ஒரு இருபது ரூபாய் முத்திரைத்தாளை எடுத்து எழுதினேன். கம்ப்யூட்டரில் அடிக்கவில்லை, கையாலேயே எழுதினேன். இருட்டுவதற்குள் முனிரத்தினமும் கஸ்தூரியும் நானும் பொதட்டூர்பேட்டை பஸ்ஸில் போய் இறங்கினோம். தறி ஓடிக்கொண்டிருந்தது. எங்களைப் பார்த்ததும் சம்மந்தியம்மா சுவிட்சை அணைத்தார். பவானி உள்ளே வாசற்படியில் நின்றாள், மெலிந்துபோயிருந்தாள்.

முதலில் டாக்டர் சீட்டை நீட்டினேன். மாப்பிள்ளை வாங்கிப் படித்துவிட்டு அம்மாவைப் பார்த்துத் தலையை ஆட்டினார். "இங்கிலீஷு எனக்கு எங்க தெரியும்? தமிழ்ல சொல்லுங்க" என்றார் சம்மந்தியம்மா. நான் முத்திரைத்தாளை நீட்டினேன். அவர் கண்ணாடியைத் தேடி எடுத்துப் போட்டுக்கொண்டு, எழுத்துக் கூட்டி, சத்தமாகவே படித்தார்.

"வேலாயுதம் ஆகிய நான், என் சம்மந்தி வீட்டாருக்கும் என் குமாரத்தி பவானிக்கும் எழுதிக் கொடுக்கும் பிழைத்திருத்தல் பத்திரம் என்னவென்றால்: முன்பு நான் செல்போன் மூலம் அனுப்பிய செய்தியில், என் வியாதியைப் பிதுரார்ஜிதம் என்று கண்டிருப்பது என் அறியாமையாலும் அவசரத்தாலும் ஏற்பட்ட பிழை. மேற்படி வியாதி என் முன்னோர் வழி வந்ததல்ல. அது முழுக்க முழுக்க என் சுயார்ஜிதம். என் ஆயுள் வரைக்கும் நானே அதை ஆண்டு அனுபவித்துக்கொள்ள வேண்டியது. அதில் என் குமாரத்தி பவானிக்கோ, அவள் கர்ப்பத்திலிருக்கும் சிசுவுக்கோ, இனி பிறக்கப்போகிறவர்களுக்கோ யாதொரு பங்கும் பாத்தியமும் இல்லை. இதை நான் பூரண அறிவோடும், யாருடைய தூண்டுதலும் இல்லாமலும் எழுதிக் கொடுக்கிறேன்."

படித்து முடித்தார். தாளைத் திருப்பிப் பின்பக்கம் பார்த்தார். "சாட்சிக் கையெழுத்து எங்கண்ணா? ரெண்டு பேரு போடணுமே."

முனிரத்தினம் ஒன்று போட்டான். ரெண்டாவதுக்கு நான் மாப்பிள்ளையைப் பார்த்தேன். சம்மந்தியம்மா பேனாவைத் தன் கையிலேயே வாங்கிக்கொண்டார். தறியில் கறுத்த விரலைப் புடவையில் துடைத்துவிட்டு, எழுத்து எழுத்தாகத் தன் பேரைப் போட்டார். போட்டுவிட்டு, பீரோவைத் திறந்து பழைய பிரின்டை எடுத்துக் கிழித்தார். "நாளைக்கி டாக்டரம்மாகிட்ட போவோம். கொழந்த நல்லா வளருதான்னு பாத்துகினு வர" என்றார். சொல்லும்போதே அழுதுவிட்டார். அந்த அழுகை எங்கள் குழந்தைக்கு மட்டும் இல்லை என்று எனக்குத் தெரியும்.

பவானி தாளை எடுத்து, பாத்தியம் இல்லை என்ற வரியை ரெண்டு தடவை படித்தாள்.

"அப்போ உன் சொத்துல எனக்கு ஒண்ணுமே இல்லியா, நைனா?"

"இல்ல. சல்லிக்காசு கெடையாது, போடி."

எத்தனை பாகப்பிரிவினை, எத்தனை உயில் எழுதியிருப்பேன். உனக்குப் பங்கு இல்லை என்ற வரி வந்ததும் பெண்பிள்ளைகள் என் மேஜையிலேயே தாளை விட்டெறிந்துவிட்டு அழுதுகொண்டு போயிருக்கிறார்கள். அந்த வரியைக் கண்ணில் ஒற்றி, வயிற்றில் வைத்துக்கொண்ட ஒரு பெண்ணை அன்றைக்குத்தான் பார்த்தேன்.